சம்மேளனத்தை மூடிவிடலாமா? – திண்டுக்கல் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கோபம் நிறைய இருக்கிறது, நியாயமும் நிறைய இருக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை இழுத்து மூடிவிட்டு அரசாங்கமே எல்லாவற்றையும் எடுத்து நடத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். 1950 உலகக் கோப்பைக்கு நாம் போகாததற்கு வெறுங்கால்தான் காரணமா? பள்ளி அணியில் ஆடும் உங்கள் மகளுக்கு டெல்லியில் உட்கார்ந்திருக்கிற ஒரு சம்மேளனத்தால் என்ன பிரயோஜனம்? மூன்றாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் முதல் இரண்டைத் தொடாமல் அங்கே போக முடியாது.

மூட முடியாது. மூடினால் இந்தியா என்ற பெயரில் களமிறங்க ஒரு அணி இருக்காது. ஃபிஃபா ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் அங்கீகரிக்கும். (பிரிட்டனுக்கு மட்டும் நான்கு. ஆட்டத்துக்கு விதி எழுதியவர்கள் என்ற சலுகை இன்றுவரை செல்லுபடியாகிறது.) அந்தச் சங்கம் அரசுத் துறையாகவும் இருக்கக்கூடாது. சட்டத்தின் கண்ணில் அது உங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தைப் போலப் பதிவு பெற்ற ஒரு சங்கம்தான். ஆனால் அந்த மன்றத்தைப் பிடிக்கவில்லையென்றால் நாலு பேர் சேர்ந்து பக்கத்துத் தெருவில் இன்னொன்றை ஆரம்பித்துவிடலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. தனியார் சங்கம், ஆனால் நாடு முழுமைக்கும் ஏகபோகம். இந்த விநோதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

அரசோ நீதிமன்றமோ உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதை 2022-ல் பார்த்தோம். தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020-லேயே முடிந்துவிட்டது. தேர்தல் மட்டும் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவைக் கலைத்து, மூன்று பேர் கொண்ட ஒரு குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தது. கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். ஃபிஃபாவுக்குப் படவில்லை. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்ட் நடுவில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது.

அந்தச் செய்தி வந்தபோது கோகுலம் கேரளா கிளப்பின் பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானில் போய் இறங்கியிருந்தது. இந்திய லீக்கில் சாம்பியனாகி, அந்தத் தகுதியில் போனவர்கள். தாஷ்கண்ட் ஹோட்டலில் பெட்டியைக்கூடப் பிரித்திருக்கமாட்டார்கள், ஆட முடியாது என்றார்கள். முதல் ஆட்டம் 23-ம் தேதி. தடை நீங்கியது 26-ம் தேதி. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பி வந்தார்கள். செப்டம்பரில் ஆட வேண்டியிருந்த மோகன் பகான் ஆண்கள் அணிக்கு எந்தச் சேதமும் இல்லை. அக்டோபரில் இங்கே நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையும் தப்பித்தது. தேர்தல் நடத்தாமல் பதவியில் உட்கார்ந்தவர்கள் யாரோ. பயணப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்கள் யாரோ. அடுத்த ஆண்டே இலங்கைச் சம்மேளனமும் இதே போன்ற காரணத்தால் மாதக்கணக்கில் தடையில் கிடந்தது.

ஆக, மூடுவது வழியில்லை. பிறகு எதைத்தான் பார்க்க வேண்டும்? ஒரு கால்பந்துச் சங்கத்தை எடைபோட நான் பார்ப்பது அதன் நாட்காட்டியை. தலைவர் யார், என்ன ஊழல் என்பதெல்லாம் அதற்கப்புறம். எந்தப் போட்டி, எப்போது, யாருக்கு, வருஷத்தில் எத்தனை ஆட்டம்? சங்கத்தின் உண்மையான அதிகாரம் இதுதான். ஆட்ட விதிகளை அது எழுதுவதில்லை. அதற்கு வேறு சர்வதேச அமைப்பு இருக்கிறது. ஆட்டக்காரரைப் பெற்று வளர்ப்பதும் இல்லை. நாள் குறிப்பதும் பதிவேட்டில் பெயர் எழுதுவதும் அதன் கையில். நம் சம்மேளனத்தின் வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால் உங்கள் வெறுங்கால் கதையும் வேறு மாதிரி தெரியும்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்மேளனத்துக்கு முன்பே இங்கே கோப்பைகள் வந்துவிட்டன. சிம்லாவில் டூரண்ட் கோப்பை 1888-ல், பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை 1891-ல். 1893-ல் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. தொடங்கியது. பெயர் இந்தியக் கால்பந்துச் சங்கம், ஆள்வது வங்காளத்தை. 1911 ஜூலை 29 அன்று அந்தச் சங்கத்தின் ஷீல்டு இறுதியாட்டத்தில்தான் மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. பதினொருவரில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். கல்கத்தாவே இந்தியாவுக்கும் பேசுவதா என்ற மனத்தாங்கல் மற்ற மாகாணங்களில் வளர்ந்து, கடைசியில் 1937 ஜூன் 23 அன்று சிம்லாவில் ராணுவத் தலைமையகத்தில் ஆறு பகுதிகளின் சங்கங்கள் கூடி அகில இந்திய சம்மேளனத்தை உண்டாக்கின. மாகாணச் சங்கங்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. இன்றும் வீட்டுச் சாவி மாநிலச் சங்கங்களிடம்தான் இருக்கிறது. 1948-ல் ஃபிஃபாவில் சேர்ந்தோம்.

இரண்டே வருஷத்தில் உலகக் கோப்பை அழைப்பு வந்தது. நம்மோடு தகுதிச் சுற்றில் இருந்த ஆசிய நாடுகள் விலகிக்கொண்டதால் ஆடாமலேயே தகுதி. பிரேசிலில் இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவையும் போட்டார்கள். நாம் போகவில்லை. வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஃபிஃபா சொன்னதால் போகவில்லை என்பது பரவலான கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழை நாடு, வீரம், வெள்ளைக்காரன் வைத்த தடை, எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். அதுவும் ஃபிஃபா விதிப்படி நடந்த போட்டிதான். யாரும் தடுக்கவில்லை. அந்தக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதைவாங்கிவிட்டு வந்த பிறகுதான், சம்மேளனமே முன்வந்து பூட்ஸைக் கட்டாயமாக்கியது. 1952-ல் குறுக்கே நிற்காத விதி 1950-ல் மட்டும் எப்படிக் குறுக்கே நின்றிருக்கும்?

சம்மேளனம் அப்போது சொன்ன காரணங்கள் பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் ஒத்த கருத்தில்லை என்பவை. பணமும் நீண்ட கப்பல் பயணமும் பேச்சில் அடிபட்டன. ஆனால் செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள பிரேசில்காரர்கள் தயாராக இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே கணக்கு: ஒலிம்பிக்ஸ்தான் பெரியது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியமில்லை. தலைமை தாங்கிப் போயிருக்க வேண்டிய சைலன் மன்னா பிற்காலத்தில் இதை மறைக்கவில்லை. உலகக் கோப்பையைப் பற்றி ஆட்டக்காரர்களுக்கே அன்று அதிகம் தெரியாது, ஒலிம்பிக்ஸ்தான் அவர்களுக்கு எல்லாம் என்றார். நாட்காட்டியைப் பார்த்து ஒரு குழு எடுத்த முடிவு அது. காலில் என்ன இருந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவிதத்தில் வெறுங்கால் கதையே சம்மேளனத்துக்குச் சாதகமானது. பழி ஃபிஃபாமீது போய்விடுகிறது அல்லவா.

அதற்காக அந்தக் காலத்தை முழுசாகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1951-ல் டெல்லி ஆசியப் போட்டியில் ஈரானை மேவாலாலின் ஒரே கோலில் வென்று தங்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸில் நெவில் டிசூசாவின் ஹாட்ரிக்கோடு ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து, கடைசியில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். தலையில் அடிபட்ட டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டு, காய்ச்சலில் கிடந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை எழுப்பி நிறுத்தி, கூட்டம் முழுக்க எதிராகக் கத்திக்கொண்டிருக்கும்போது தென் கொரியாவை 2-1 என்று வென்ற ஆட்டம் அது.

மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். கோச் என்றுதான் அவரை எல்லோரும் சொல்கிறார்கள். சினிமாவும் வந்துவிட்டது. எனக்கு அவரிடம் முக்கியமாகப் படுவது வேறொன்று: 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் அவர். நாள் குறிக்கும் அதிகாரம் கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தினார். வலது காலில் மட்டும் உதைக்கும் பையன்களை வைத்து என்ன செய்வது? பலவீனமான காலால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்று விதி வைத்து ஒரு போட்டியே நடத்தினார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டிக் காட்டும் ஆசையைக் குறைக்க, டிரிபிளிங் கூடாது என்று இன்னொரு போட்டி. ஒரு சங்கச் செயலாளர் இவ்வளவு செய்யலாம்! மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் என்று எதுவுமே இதற்கு வேண்டாம். பின்னால் அதே ஹைதராபாத்தின் நகரப் போலீஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை எடுத்தது. ரஹீம் 1963-ல் புற்றுநோயில் போய்விட்டார்.

அவர் போன பிறகு சம்மேளனத்தின் நாட்காட்டியை யாரும் அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. சந்தோஷ் டிராபி, டூரண்ட், ரோவர்ஸ், ஷீல்டு, 1977-லிருந்து ஃபெடரேஷன் கோப்பை என்று கோப்பைகள் பெருகின. கோப்பைப் போட்டியின் சங்கடம் உங்களுக்குத் தெரியும். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நல்ல அணிக்கு ஆட்டம் அதிகம், தேற வேண்டிய அணிக்கு ஆட்டம் குறைவு. வாராவாரம் ஆடி, தோற்று, திருத்திக்கொண்டு மறுபடி ஆட வைப்பது லீக்தான். கல்கத்தாவிலும் கோவாவிலும் சென்னையிலும் உள்ளூர் லீக்குகள் இருந்தன. தேசிய அளவில் ஒரு லீக் 1996-ல்தான் வந்தது. ஜப்பான் 1965-லேயே நாடு தழுவிய லீக்கைத் தொடங்கி, 1993-ல் அதைத் தொழில்முறை லீக்காக மாற்றி, 1998-ல் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. கொரியாவுக்கு 1983-லேயே தொழில்முறை லீக். ஜகார்த்தாவில் நம்மிடம் தோற்றவர்கள்தான் அவர்கள்.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஆட்டக்காரருக்குச் சோறு போட்டது சம்மேளனம் இல்லை. ரயில்வே போட்டது, வங்கி போட்டது, துறைமுகம் போட்டது, போலீஸ் போட்டது. நம் பக்கத்தில் ஐ.சி.எஃப்., துறைமுகம், இந்தியன் வங்கி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்பதற்காகப் பந்தைத் தொட்ட பையன்கள் எத்தனை பேர்! அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் வேலை நிரந்தரமானதும் ஆட்டம் முடிந்துவிடும் என்பதும் உண்மை.

பிறகு 2010 வந்தது. சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸிடம் எழுதிக் கொடுத்தது. 2014-ல் பிறந்த இந்தியன் சூப்பர் லீக் அந்த ஒப்பந்தத்தின் பிள்ளை. மைதானங்கள் நிறைந்தன, புல்தரை நன்றாயிற்று, தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கும்படி ஆயிற்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் சீசன் அக்டோபர் 12-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் முடிந்துவிட்டது. பத்து வாரம்! சீசன் பின்னால் நீண்டது என்றாலும், நாட்காட்டி இன்னொருவர் கைக்குப் போனது போனதுதான். 2025 டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பதில் முடிவு வரவில்லை என்றதும், அந்த ஆண்டு ஜூலையிலேயே அடுத்த சீசனை நிறுத்திவைத்தார்கள். சில கிளப்கள் சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. நாட்டின் முதல்நிலை லீக் எப்போது தொடங்கும் என்று அதை நடத்த வேண்டிய சம்மேளனத்தாலேயே சொல்ல முடியவில்லை.

நன்றாகச் செய்ததும் உண்டு. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் தள்ளினானே, ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல், அது வானத்திலிருந்து விழவில்லை. அந்தப் பையன்களில் பலரைச் சம்மேளனம் பிறகு இந்தியன் ஆரோஸ் என்ற தன் சொந்த அணியில் சேர்த்து, பெரியவர்களோடு ஐ-லீக்கில் ஆடவிட்டது. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. 2022-ல் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத ஒன்று அது.

இப்போது உங்கள் மகள்.

பெண்கள் கால்பந்தின் கதையைக் கேட்டால் நாட்காட்டி என்று நான் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்பது தெரியும். 1975-ல் பெண்களுக்கென்று தனிச் சம்மேளனம் ஒன்று உருவானது. ஆண்கள் சம்மேளனத்தின் தயவில்லாமல், ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் இரண்டு முறை இரண்டாமிடம் பிடித்தார்கள். தொண்ணூறுகளில் அகில இந்திய சம்மேளனம் அவர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2009-ல் என்ன ஆயிற்று தெரியுமா? ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்பதற்காக. ஆட ஆள் இருந்தார்கள். ஆட நாள் இல்லை.

அதே அணிதான் 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேறியது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்கள். கடலூரின் இந்துமதி கதிரேசனை உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான்.

சம்மேளனத்தால் அவளுக்கு நேராகக் கிடைப்பது ஒரு பதிவு. கிளப் வழியாக இணையத்தில் பதிவானால் அவளுக்கென்று ஒரு எண் வரும். சிறுவர் லீக்குகளில் வயதில் சந்தேகம் வந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்ப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வயதைக் குறைத்து எழுதிய பிள்ளைகளிடமிருந்து உங்கள் மகளைக் காப்பாற்றுவதற்குத்தான் அது. இந்தப் பதிவைச் சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டக்காரர் ஒருவரை வெளிநாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்பது ஃபிஃபா விதி. பதிவு இருந்தால்தான் பங்கு. காலையில் ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வந்து பந்துக்குக் காற்றடிக்கிற அந்த கோச்சின் கிளப்பும் அந்தக் கணக்கில் வரலாம், பேப்பர் சரியாக இருந்தால்.

இன்னொன்று வாக்கு. 2022 செப்டம்பர் தேர்தலில் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேக்கு 33. சௌபேயும் கோல்கீப்பராக இருந்தவர்தான். அதனால் ஆட்டக்காரர் தலைவரானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கவனிக்க வேண்டியது, அந்த 34 ஓட்டும் மாநிலச் சங்கங்களுடையவை என்பதை. நாடே அறிந்த ஆட்டக்காரர் ஒருவர் நின்றாலும் நாட்டுக்கு அங்கே ஓட்டில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த புதிய விதிமுறைகளில் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் பொதுக்குழுவில் இடம் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் கூட்டத்தில் எண்ணிக்கை பலம் மாநிலங்களுக்குத்தான். மாநிலச் சங்கத்தின் பலம் மாவட்டச் சங்கங்கள். மாவட்டச் சங்கம் என்பது உங்கள் ஊர் கிளப்கள்.

அதனால் டெல்லிக்கு எழுதுவதைவிட உங்கள் மகளின் கிளப் மாவட்டச் சங்கத்தில் உறுப்பினரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் சேரச் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் கிளப் சார்பாக யாரையாவது எழுந்து கேட்கச் சொல்லுங்கள், நீங்களே போனாலும் சரி: போன வருஷம் பெண் பிள்ளைகளுக்கு எத்தனை லீக் ஆட்டம் நடத்தினீர்கள்? எத்தனை நடுவர்களுக்குப் படி கொடுத்தீர்கள்? இந்த வருஷத்துக்குத் தேதி போட்டாயிற்றா? வரவு செலவைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். இந்தக் கேள்விகளுக்கு இராது.

என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று உங்கள் கடிதத்தில் இல்லையே?

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்